நான்காம் கட்டத்தில் விழும் டிக்

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் வினாநிரலைக் கேட்டால், ‘முற்றிலும் மறுக்கிறேன்’ (1) தொடங்கி ‘முற்றிலும் ஏற்கிறேன்’ (5) வரை ஐந்து கட்டங்கள் போட்ட தாளைத்தான் பெரும்பாலும் நீட்டுகிறார்கள். 1932-இல் அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் கொண்டுவந்த முறை இது. அதற்கு முன் இன்னோர் அமெரிக்க உளவியலாளரான தர்ஸ்டன் வகுத்த முறையில், வாக்கியங்களைத் தரம் பிரிக்கவே தனியாக ஒரு நடுவர் குழு வேண்டும். லிக்கர்ட் அந்தச் சுமையை இறக்கி வைத்தார். அதிகம் எழுத வராதவர்கூட டிக் அடித்துவிடலாம். நூற்றுக்கணக்கான பதில்களை ஒரே மாலையில் கணினியில் ஏற்றிவிடலாம். இது பெரிய வசதி.

ஆனால் கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஓர் அம்மா இப்படியொரு பாரத்தை வாங்கினார். மேலிருந்து கீழ்வரை எல்லாமே நான்காம் கட்டம், அதாவது ‘ஏற்கிறேன்’. ‘கேண்டீன் சுத்தமாக இருக்கிறது’ என்ற வரிக்கும் அதே டிக். பேனாவை மூடிவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம், “கேண்டீன்ல ஒரே ஈ, அக்கா. டீச்சர் எதிர்லயே நிக்கிறாங்க, எப்படிப் போடுறது?” என்றார்.

அவர் பொய்யர் அல்லர், மரியாதை தெரிந்தவர். எதற்கும் ஆமாம் போடும் இந்தப் போக்கு உலகெங்கும் உண்டு. ‘கேண்டீன் அழுக்காக இருக்கிறது’ என்று எதிர்த்திசையிலும் ஒரு வரி வைத்தால், படிக்காமல் போட்ட டிக் ஓரளவு பிடிபடும்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது சராசரி. பாதிப் பேர் 1, பாதிப் பேர் 5 என்றால் சராசரி 3. ‘பெற்றோர் நடுநிலையில் உள்ளனர்’ என்று ஆய்வேடு எழுதிவிடும். அந்த மண்டபத்திலோ நடுநிலையில் ஒருவர்கூட இல்லை! கட்டங்கள் வரிசையைத்தான் சொல்கின்றன; 2-க்கும் 3-க்கும் உள்ள இடைவெளியும் 4-க்கும் 5-க்கும் உள்ள இடைவெளியும் சமம் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. லிக்கர்ட் பல வாக்கியங்களின் மதிப்பெண்களைக் கூட்டித்தான் ஒருவரின் மனப்பான்மையை அளந்தார். ஒற்றை வாக்கியத்தின் சராசரியை வைத்து முடிவு கட்டுவது அவர் முறையே அல்ல. ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் என்று அட்டவணை போட்டுக் காட்டுங்கள்.

நடுக் கட்டத்தை எடுத்துவிடலாமா என்று கேட்கிறார்கள். எடுத்தால், கருத்தே இல்லாதவரும் ஒரு பக்கம் சாய வேண்டிவரும். ‘தெரியாது’ என்று தனிக் கட்டம் வையுங்கள்.

பாரத்தை அச்சடிக்கும் முன் நாலைந்து பெற்றோரிடம் கொடுத்து, ஒவ்வொரு டிக்கும் ஏன் என்று கேளுங்கள். அடியில் இரண்டு வரி எழுத இடம் விடுங்கள். பெயர் கேட்காதீர்கள். ஆசிரியர் கையில் வாங்காமல், மூடிய பெட்டியில் போடச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.