பால்டர்ஸ் கேட் 3: புதிதாக ஆட வருகிறவர்களுக்கு

[திரையில்: விழுந்து நொறுங்கிய பறக்கும் கப்பல், கடற்கரை மணல், எழுந்து நிற்கும் வீரர்]

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்திலிருந்து பேசுகிறேன். எங்கள் ஊர் இளையவர்களின் பேச்சு ஆங்கிலத்துக்கு மாறி நாளாகிவிட்டது. கேம் பற்றித் தமிழில் பேச ஆள் கிடைப்பது அரிது. அதனால் இந்த வீடியோ முழுக்கத் தமிழில்தான்.

பால்டர்ஸ் கேட் 3, லாரியன் ஸ்டூடியோஸ் 2023 ஆகஸ்ட் 3 அன்று கணினிக்கு வெளியிட்ட கேம். மேஜையில் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிகள்தான் இதற்கு அடிப்படை. ஆசையாக வாங்குகிறவர்களில் பலர் முதல் நாலைந்து சண்டையில் செத்துப்போய், அப்படியே மூடிவைத்துவிடுகிறார்கள். ஆக்‌ஷன் கேம் ஆடிப் பழகிய கை, எதிரியைப் பார்த்ததும் அடிக்கப் பாயும். இங்கே அடிக்கும் முன் நின்று சுற்றிப் பார்க்கிறவருக்குத்தான் வழி திறக்கும். அந்தப் பழக்கத்தை எப்படிப் பிடிப்பது என்று பார்ப்போம்.

முதலில் இடம். சுமார் 150 ஜிபி, எஸ்எஸ்டியில் வேண்டும். மொபைல் டேட்டாவில் இறக்க நினைக்காதீர்கள், மாதச் செலவே போய்விடும். ஃபைபர் உள்ள சொந்தக்காரர் வீட்டில் ஓர் இரவு விட்டு இறக்கிக்கொள்ளுங்கள்.

[திரையில்: பாத்திரம் உருவாக்கும் பக்கம்]

வகுப்புகள், அதாவது உங்கள் வீரர் எந்த வகை ஆள் என்பதற்கான தேர்வுகள், பன்னிரண்டு இருக்கின்றன. இங்கேயே உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மந்திரப் பட்டியல் பயமுறுத்தினால் ஆயுதத்தோடு மோதும் ஃபைட்டர் எடுங்கள். பேசிக் காரியம் சாதிக்கப் பிடிக்குமென்றால் பார்ட் என்ற பாணர். பாலடின் என்ற புனித வீரர் அழகான வகுப்புதான், ஆனால் அவருக்கு ஒரு சபதம் உண்டு. தெரியாமல் ஏதாவது செய்து அது முறிந்துவிட்டால் புதியவர்கள் குழம்பிப்போவார்கள். எதை எடுத்தாலும் பிறகு மாற்றலாம். விதர்ஸ் என்றொரு எலும்புக்கூட்டு மனிதர் உங்கள் முகாமுக்கு வந்து சேருவார். 100 பொற்காசு கொடுத்தால் வகுப்பை மாற்றித் தருவார், 200 கொடுத்தால் செத்த தோழரை எழுப்பித் தருவார்.

கடினநிலை நடுத்தரமான பேலன்ஸ்டில் இருக்கட்டும். திணறினால் எளிதான எக்ஸ்ப்ளோரருக்கு இறக்குங்கள், நடுவிலேயே மாற்றலாம். அதில் எந்த வெட்கமும் இல்லை.

[திரையில்: எஃப்5 விசை பெரிதாக]

அடுத்தது சேவ். இந்த கேம் வந்த 2023-இல் இங்கே லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது, உச்சத்தில் இருந்தது. இப்போது எவ்வளவோ பரவாயில்லை. ஆனாலும் கேபிள் திருட்டு, மழையில் பழுது என்று ஏதாவது ஒரு காரணத்தில் கரண்ட் போகத்தான் செய்கிறது. தானாக நடக்கும் சேவ் சில இடங்களில்தான் நடக்கும், அதை நம்பி ஒரு மணி நேர ஆட்டத்தை விட்டுவைக்காதீர்கள். எஃப்5 அழுத்தினால் சேவ், எஃப்8 அழுத்தினால் கடைசி சேவுக்குத் திரும்பலாம். புது இடத்தில் கால் வைக்கும் முன் ஒன்று, சண்டைக்கு முன் ஒன்று. சாயங்காலம் முடிக்கும்போது தனிப்பெயரில் ஒரு சேவ் போட்டுவிடுங்கள்.

[திரையில்: பாழடைந்த கோயில், கயிற்றில் தொங்கும் பெரிய கல்]

இப்போது இந்த இடத்தைக் கவனமாகப் பாருங்கள். கடற்கரையிலிருந்து மேலே ஏறினால் வரும் இடிபாடு. வாசலில் கொள்ளைக்கூட்டம் ஒன்று நிற்கிறது. புதிதாக வருகிறவர் நேரே போய் வாளை உருவுவார், இரண்டு சுற்றில் இரண்டு தோழர்கள் தரையில் கிடப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். அவர்கள் தலைவனிடம் பேசலாம். மிரட்டியோ கதை கட்டியோ அவனைத் திருப்பி அனுப்ப வழியுண்டு. அப்புறம், தலைக்கு மேலே பாருங்கள், ஒரு கல் கயிற்றில் தொங்குகிறது. அதற்குக் கீழே தரை விரிசல் விட்டிருக்கிறது. கயிற்றில் அம்பு விட்டால் கல் விழுந்து தரை உடையும், கீழே இறங்க வழி கிடைக்கும். யாரும் அம்புக்குறி போட்டுக் காட்டுவதில்லை. இந்த கேமை நான் இவ்வளவு நேசிக்கக் காரணமே இதுதான்: கண்ணை மேலே தூக்கியவருக்கு ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டே நடங்கள், எடுக்கக்கூடிய பொருள்கள் பெயரோடு தெரியும்.

[திரையில்: மேட்டில் நிற்கும் வில்லாளி]

சண்டை வந்தே தீருமென்றால் மேட்டைப் பிடியுங்கள். உயரத்திலிருந்து அம்பு விட்டால் தாக்குவதற்கான பகடை எண்ணில் 2 கூடும், பள்ளத்திலிருந்து மேலே விட்டால் 2 குறையும். எதிரி விளிம்பில் நின்றால் தள்ளிவிடுங்கள். தள்ளுவதற்கு, உங்கள் முறையில் கூடுதலாகக் கிடைக்கும் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷன் போதும், அடிக்கும் வாய்ப்பு மிச்சமிருக்கும். என்ன, ஆழமான பள்ளத்தில் விழுந்தவனின் பையும் அவனோடு போய்விடும். நனைந்த எதிரிமேல் மின்னல் விட்டால் இரட்டைச் சேதம். மருந்துப் புட்டியைக் குடிக்கத்தான் வேண்டுமென்றில்லை; அருகருகே நிற்கும் இரண்டு தோழர்களுக்கு நடுவில் வீசினால் இருவருக்கும் குணமாகும்.

[திரையில்: முகாம், நெருப்பைச் சுற்றித் தோழர்கள்]

ஓய்வைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தலைக்குள் ஒரு புழு புகுந்திருக்கிறது, சீக்கிரம் எடுக்காவிட்டால் ஆபத்து என்று கதை ஆரம்பத்திலேயே பயமுறுத்தும். அதை நம்பித் தூங்காமல் ஓடுகிறவர்கள் அதிகம். நாளை எண்ணிக்கொண்டே வரும் கடிகாரம் எதுவும் பின்னால் ஓடவில்லை. நன்றாகத் தூங்குங்கள். பேலன்ஸ்டில் ஒரு நீண்ட ஓய்வுக்கு 40 உணவுப்புள்ளி ஆகும். வழியில் கிடைக்கும் ரொட்டி, பழம், சாராயம் எல்லாவற்றையும் முகாமுக்கு அனுப்பிவிடுங்கள், குறையே வராது. தோழர்களின் சொந்தக் கதைகள் பெரும்பாலும் இரவு முகாமில்தான் விரியும். ஓய்வெடுக்காதவர்கள் கேமின் இதயத்தையே தவறவிடுகிறார்கள். சில இடங்கள் மட்டும் விதிவிலக்கு. கண்ணெதிரே ஒரு கட்டடம் எரிகிறது என்றால் அதை முடித்துவிட்டுத்தான் தூங்க வேண்டும்.

[திரையில்: சுழலும் இருபது முகப் பகடை]

கடைசியாகப் பகடை. தாயம் ஆடியவர்களுக்கு இந்தப் படபடப்பு புதிதல்ல. பேச்சு, பூட்டு போன்ற காரியங்களில் இருபது முகப் பகடை உருளும், இலக்கு எண்ணையோ அதற்கு மேலோ எடுத்தால் வெற்றி. இலக்கு 15, உங்களுக்குக் கூட்டுத்தொகை எதுவும் இல்லையென்றால் வெல்லும் வாய்ப்பு 30 சதவீதம். தோழி ஷேடோஹார்ட் தரும் கைடன்ஸ் மந்திரம் ஒரு நாலுமுகப் பகடையைச் சேர்க்கும், வாய்ப்பு 40-ஐத் தாண்டிவிடும். சாதகம், அதாவது அட்வான்டேஜ், கிடைத்தால் இரண்டு பகடையில் பெரியது எடுபடும். அப்போது பாதிக்குப் பாதி. அதனால் பூட்டைத் திறக்கும் முன், வாதாடும் முன், கைடன்ஸை மறக்காதீர்கள்.

தோற்றால் உடனே எஃப்8 அழுத்தும் ஆசை வரும். சாவு என்றால் சரி, அழுத்துங்கள். ஒரு பேச்சு பலிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். தோற்ற பகடைக்கும் காட்சி எழுதி, குரல் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அதில் சில, வென்றால் கிடைப்பதைவிட நன்றாக இருக்கும்.

வீட்டில் தம்பியோ தங்கையோ இருந்தால் திரையை இரண்டாகப் பிரித்து ஒரே கணினியில் சேர்ந்தும் ஆடலாம். ஆளுக்கொரு கன்ட்ரோலர் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கடைக்காரரிடம் பேச்சுக் கொடுக்க, இன்னொருவர் பின்னால் போய் அவர் பெட்டியைத் திறக்கப் பார்க்கலாம்.