டிஎஸ்எச் நார்மல், ஆனாலும் நான் மறுபடி ஊசி குத்திக்கொண்டேன்

வணக்கம் மக்களே. கையில் பஞ்சு ஒட்டியிருக்கிறது, பாருங்கள். லேபிலிருந்து இப்போதுதான் வந்தேன். இது மூன்றாவது தடவை.

ஐந்தாறு மாதமாக ஒரே அசதி. தலை சீவினால் சீப்பு நிறைய முடி, மலச்சிக்கல், ஃபேன் போட்டாலே குளிர். அம்மா பார்த்துவிட்டு, "உனக்கு தைராய்டுதான்டி" என்று சொல்லிவிட்டார். சரி என்று ஒரு நாள் வேலை முடிந்து சாயங்காலம் போய் தைராய்டுக்கான டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை மட்டும் பார்த்தேன். 3.9. நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில் முடிக்காக பயோட்டின் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். இதோ, இந்த டப்பாதான். அதைப் போய் யார் லேபில் சொல்வார்கள்? அப்புறம் பார்த்த டாக்டர் முதலில் கேட்டதே அதைத்தான். சில லேப் மிஷின்களில் பயோட்டின் குறுக்கிட்டு டிஎஸ்எச்சைக் குறைத்துக் காட்டுமாம், தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோனைக் கூட்டிக் காட்டுமாம். குறைந்தது இரண்டு நாளாவது நிறுத்திவிட்டு வரச் சொன்னார். டிஎஸ்எச் காலையில் கூடுதலாகவும் மதியத்துக்கு மேல் குறைவாகவும் இருக்கும் என்பதால் காலையிலேயே கொடுக்கவும் சொன்னார்.

டிஎஸ்எச் தைராய்டு சுரக்கும் ஹார்மோனே இல்லை, தெரியுமா? மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி தைராய்டைக் கூப்பிடும் குரல் அது. எழுந்திருக்காத பிள்ளையை அம்மா கூப்பிடக் கூப்பிடச் சத்தம் ஏறும் இல்லையா, அதே கதை. பிள்ளை எழுந்ததா என்று தெரிய ஃப்ரீ டி4, அதாவது ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் தனியாக இருக்கும் டி4 பார்க்க வேண்டும். அபூர்வமாக அம்மாவுக்கே தொண்டை கட்டிவிடும். அதாவது பிட்யூட்டரியிலேயே கோளாறு. அப்போது டிஎஸ்எச் நார்மலாகக்கூட இருக்கும், டி4 தான் குறைந்திருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பேக்கேஜில் வரும் 'தைராய்டு ப்ரொஃபைல்' பெரும்பாலும் மொத்த டி3 (இதுவும் தைராய்டு ஹார்மோன்தான்), மொத்த டி4. கர்ப்பமாக இருந்தாலோ கருத்தடை மாத்திரை போட்டாலோ அந்த மொத்தக் கணக்கு ஏறிவிடும். பில் போடும் முன் 'ஃப்ரீ' என்ற வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். நான் கவுண்டரில் நின்று இரண்டு தடவை கேட்டேன், அந்த அக்கா முறைத்தார்.

இரண்டாவது தடவை மஞ்சள் மூடி ட்யூப் ஒன்று, ஊதா மூடி ஒன்று எடுத்தார்கள். டிஎஸ்எச் 7.2, நார்மலைவிடக் கூடுதல். ஃப்ரீ டி4 நார்மல். ஆன்டி டிபிஓ 340, அந்த லேபின் வரம்பு 34. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குகிறது என்பதற்கான அடையாளம் அது. 1912-இல் ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய டாக்டர் விவரித்த நோய், அவர் பெயரிலேயே இருக்கிறது.

ஆனால் நான் அதிர்ந்தது உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினைப் பார்த்துத்தான். 9! இரும்புச் சேமிப்பு ரொம்பக் குறைவு. அசதிக்கும் முடி கொட்டுவதற்கும் அதுவே போதும் என்றார் டாக்டர். பாவம், எல்லாப் பழியையும் தைராய்டு மேல் போட்டுக்கொண்டிருந்தேன். பி12, வைட்டமின் டி, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் கூடவே பார்த்தார்கள். தைராய்டு மந்தமானால் கெட்ட கொழுப்பும் ஏறுமாம். எனக்குக் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

தைராய்டு மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், இரும்பு மாத்திரை மட்டும், இரண்டரை மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார். டிஎஸ்எச் 10-ஐத் தாண்டினால் பேச்சு வேறு. கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களுக்குக் கணக்கே வேறு, அவர்கள் காத்திருக்காமல் டாக்டரிடம் கேளுங்கள்.

இன்றைய ரிப்போர்ட் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் வரும். வந்ததும் காட்டுகிறேன். இப்போது பசிக்கிறது, இட்லி ஆறிக்கொண்டிருக்கிறது.