கோடு ஏறாத வாரங்களில் என்ன நடக்கிறது?

[திரையில்: விசைப்பலகை மேல் இரண்டு கைகள். கைகளை ஒரு துணி மூடியிருக்கிறது. தட்டும் சத்தம் மட்டும்.]

வணக்கம். துணிக்கு அடியில் இருப்பவை என் கைகள்தான். விசைகளைப் பார்க்காமல் தட்டச்சு செய்ய நான் பழகியது இப்படித்தான். முதல் இரண்டு வாரம், துணி இல்லாமலே, வேகம் மளமளவென்று ஏறியது. நிமிடத்துக்கு 8 சொல், 14 சொல், 22 சொல். அப்புறம் நின்றுவிட்டது. தினமும் முக்கால் மணி நேரம் உட்காருவேன். தினமும் அதே 22. மூன்று வாரம் இப்படியே ஓடியது. நமக்கு வருவது இவ்வளவுதான் என்று முடிவு கட்டி, பழையபடி இரண்டு விரலால் தட்டவும் ஆரம்பித்துவிட்டேன்.

விடாமுயற்சி என்றதும் நமக்குத் தொடக்கமும் வெற்றியும்தான் நினைவுக்கு வருகின்றன. இந்த வீடியோவில் நடுவில் வரும் அந்த நகராத காலத்தைப் பார்ப்போம். பாதியில் விட்டவர்களில் நிறையப் பேர் அங்கேதான் விட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

[திரையில்: பழைய தந்திக் கருவி. அதன் கட-கட சத்தம். பக்கத்தில் ஒரு வரைபடம் மெல்ல உருவாகிறது.]

1897-இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் பிரையனும் நோபிள் ஹார்ட்டரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தந்தியில் ஒவ்வொரு எழுத்தும் கட-கட ஓசையாகத்தான் வரும். அதைக் கற்றுக்கொள்கிறவர்களின் வேகத்தை வாராவாரம் சோதித்துக் கோடாக வரைந்திருந்தார்கள். செய்தி அனுப்பும் வேகம் சீராக ஏறியது. கேட்டு எழுதும் வேகம் மட்டும் வேறு மாதிரி. கொஞ்ச தூரம் ஏறி, வேலைக்குத் தேவையான அளவுக்குச் சற்றுக் கீழே வந்து படுத்துக்கொண்டது. பல வாரம் தட்டையான கோடு. அதற்குப் பிறகு மறுபடியும் ஏறியது.

அந்தத் தட்டைக் கோட்டில் என்ன நடந்தது?

[திரையில்: புள்ளிகளும் கோடுகளும் ஒவ்வொரு எழுத்தாக மாறுகின்றன. எழுத்துகள் சேர்ந்து சொல்லாகின்றன. சொற்கள் சேர்ந்து ஒரு வரியாகின்றன.]

புதிதாகக் கற்பவர் காதில் விழுவது தனித்தனி எழுத்துதான். ஒவ்வொன்றையும் பிடித்து, இது என்ன என்று யோசித்து எழுத வேண்டும். அதற்குள் அடுத்தது வந்துவிடும். பழகப் பழக ஒரு முழுச் சொல்லே ஒரே ஓசையாகக் கேட்கும். இன்னும் போனால் தொடர்களாகக் கேட்கும். கைதேர்ந்தவர் காதில் விழுந்ததை உடனே எழுத மாட்டார். சில சொற்களை முன்னே ஓடவிட்டு, பின்னாலேயே நிதானமாக எழுதிக்கொண்டு வருவார்.

எழுத்துகள் யோசிக்காமலே வரும் அளவுக்கு ஊறும்வரை, சொல்லைப் பிடிக்க மனசில் இடம் கிடையாது. அந்த ஊறலுக்குத்தான் அத்தனை வாரம் போனது என்பது அவர்கள் தந்த விளக்கம். பின்னாளில் இதைச் சோதித்த சிலருக்கு அந்தத் தட்டைக் கோடு கிடைக்கவில்லை, அதனால் எல்லோருக்கும் வந்தே தீரும் என்று சொல்ல முடியாது. ஆனால் வந்து மாட்டிக்கொண்டவருக்கு, வெளியே தெரியாமலும் வேலை நடக்கலாம் என்று தெரிவதே பெரிய தெம்பு.

சரி, அப்படியானால் பொறுமையாக அதையே செய்துகொண்டிருந்தால் போதுமா? எனக்குப் போதவில்லை. தப்பான பழக்கமும் இதே போலத்தான் ஊறும்.

[திரையில்: காலியான அறை. நாற்காலியில் ஒரு வயலின்.]

உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய சகாக்களும் மேற்கு பெர்லின் இசைக் கல்லூரி மாணவர்களை ஆராய்ந்து 1993-இல் எழுதினார்கள். மிகச் சிறந்த வயலின் மாணவர்கள் வாரத்துக்குச் சுமார் 24 மணி நேரம் தனியாகப் பயிற்சி செய்தார்கள். இசை ஆசிரியர் ஆவதற்குப் படித்தவர்கள் சுமார் 9 மணி நேரம். இந்த எண்களைப் பலரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தச் சிறந்த மாணவர்கள் மதியத்தில் கொஞ்சம் தூங்கவும் செய்தார்கள். வராத இடத்தையே கவனம் சிதறாமல் திரும்பத் திரும்பப் பிடிப்பது ஆளை அவ்வளவு களைக்க வைக்கும். நேரம் கொடுத்தால் எல்லாருக்கும் எல்லாம் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. உடல்வாகு, வசதி, சொல்லிக்கொடுக்க ஆள், எல்லாமே சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

[திரையில்: மேசை. கணக்குகள் நிறைந்த தாள்கள். நாட்காட்டியில் 1994 செப்டம்பர் 19, திங்கள்.]

ஆண்ட்ரூ வைல்ஸ் என்ற கணிதவியலாளரைப் பாருங்கள். 350 ஆண்டுகளாக யாரும் நிரூபிக்க முடியாமல் இருந்த ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை அவர் தெரிந்துகொண்டது 10 வயதில். 1986-இல் அதில் இறங்கினார். ஏழு வருடம் கிட்டத்தட்ட ரகசியமாக உழைத்து, 1993 ஜூனில் கேம்பிரிட்ஜில் நிரூபணத்தை அறிவித்தார். உலகமே கொண்டாடியது. அப்புறம் சரிபார்க்கும்போது நடுவில் ஓர் ஓட்டை!

அதை அடைக்க ஒரு வருடத்துக்கு மேல் போராடினார். தன்னிடம் முன்பு படித்த ரிச்சர்ட் டெய்லரையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். நடக்கவில்லை. அந்தத் திங்கட்கிழமை காலை, இந்த வழி ஏன் வேலை செய்யவில்லை என்பதையாவது புரிந்துகொள்வோம் என்று உட்கார்ந்தார். அப்போதுதான் தெரிந்தது: சில வருடங்களுக்கு முன்னால் சரிப்படாது என்று தூக்கிப்போட்ட இன்னொரு முறையை இதோடு சேர்த்தால் ஓட்டை அடைபடும். முழு நிரூபணம் 1995-இல் அச்சில் வந்தது.

இதில் என்னை உலுக்குவது அவர் அன்று கேட்ட கேள்வி. இன்னும் எத்தனை நாள் என்று கேட்கவில்லை. எங்கே உடைகிறது என்று கேட்டார்.

[திரையில்: மறுபடியும் விசைப்பலகை. பக்கத்தில் ஒரு சிறிய நோட்டு.]

அதே கேள்வியை நானும் 22 சொல்லில் நின்றிருந்தபோது கேட்டிருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும். ஒரு நாள் தப்பான எழுத்துகளை மட்டும் எண்ணிப் பார்த்தேன். பாதிக்கு மேல் இடது சுண்டுவிரலில். அந்த விரல் நகர வேண்டிய ஒவ்வொரு தடவையும் கண் கீழே போய்விடும், வேகமும் அங்கேயே விழும். அன்றைக்குத்தான் கைக்கு மேல் துணி வந்தது. முக்கால் மணியை இருபது நிமிடமாகக் குறைத்தேன். அந்த விரலுக்கான சொற்கள் மட்டும். வேகம் முதலில் 15-க்கு இறங்கியது. பயமாகத்தான் இருந்தது. எட்டாம் நாள் 22. பத்தாம் நாள் 26.

தினமும் பயிற்சி முடிந்து எழுந்திருக்கும் முன் நோட்டில் ஒரே ஒரு வரி எழுதுவேன்: இன்று எங்கே உடைந்தது. தொடர்ந்து பன்னிரண்டு நாள் ‘இடது சுண்டுவிரல்’ என்றே இருக்கிறது.

[திரையில்: நோட்டின் பக்கம் திரும்புகிறது.]

பதின்மூன்றாம் நாள் வரி: ‘எண்கள் இருக்கும் வரிசை’.