1919: கப் யாருக்கும் போகாத வருஷம்

வணக்கம் நேயர்களே. ஐஸ் ஹாக்கி பத்தி பேசணும்னு கூப்பிட்டப்போ எனக்கு உடனே மனசுல வந்தது 1918-19 சீசன்தான். சாம்பியனே இல்லாம முடிஞ்ச சீசன் அது, ஆனா அதுல பீட் மல்டூன்னு ஒருத்தர் நடந்துக்கிட்ட விதம் அவ்வளவு சாதாரணமா மறந்துடக் கூடியது இல்ல.

அப்போ வட அமெரிக்காவோட ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லுக்கு ரெண்டாவது வருஷம்தான். இன்னைக்கு இருக்குற மாதிரி பெரிய லீக்னு நினைச்சுக்காதீங்க, மொத்தமே 3 டீம், மான்ட்ரியால் கனேடியன்ஸ், ஒட்டாவா, டொரான்டோ, அதுலயும் டொரான்டோ பிப்ரவரி மாசம் பாதியில விலகிடுச்சு. மிச்சம் இருந்த ரெண்டு பேர்ல மான்ட்ரியால் ஜெயிச்சு, மேற்குக் கடற்கரை லீக்ல ஜெயிச்ச சியாட்டில் மெட்ரோபாலிட்டன்ஸோட, ஐஸ் ஹாக்கியோட பெரிய பரிசான ஸ்டான்லி கப்புக்கு மோதணும். அதுக்காக மான்ட்ரியால்காரங்க கண்டத்தோட கிழக்குக் கோடியிலேர்ந்து மேற்குக் கோடியில இருக்குற சியாட்டிலுக்கு ரயில்லயே போனாங்க. இந்த சியாட்டில் 1917லயே கப் ஜெயிச்ச டீம், அமெரிக்க ஊர் ஒண்ணு ஸ்டான்லி கப் வாங்கினது அதுதான் முதல் தடவை.

இன்னொரு பக்கம் அப்போ உலகம் முழுக்க பரவின ஸ்பானிஷ் ஃப்ளூ காய்ச்சல். 1918 அக்டோபர்ல சியாட்டில்ல தியேட்டர், சர்ச் எல்லாத்தையும் மூடினாங்க, மாஸ்க் இல்லாம ட்ராம்ல ஏறவிடல. நவம்பர்ல முதல் உலகப் போர் முடிஞ்சதும் தடையை எடுத்தாச்சு, ஜனங்களும் அப்பாடான்னு வெளிய வந்துட்டாங்க, ஆனா நோய் போகல. மார்ச் மாசம் இந்த ஃபைனல் நடந்தப்போ அரங்கம் முழுக்க கூட்டம்.

ரெண்டு லீக்குக்கும் ரூல்ஸே வேற. மேற்குல ஒரு பக்கத்துக்கு 7 பேர், கிழக்குல 6 பேர். அதனால ஒரு ஆட்டம் அவங்க ரூல், அடுத்தது இவங்க ரூல்னு மாத்தி மாத்தி ஆடினாங்க. மார்ச் 19ஆம் தேதி முதல் ஆட்டம், மேற்கு ரூல், சியாட்டில் 7-0. அடுத்தது கிழக்கு ரூல், மான்ட்ரியால் 4-2, அந்த 4 கோலையும் அடிச்சது நியூஸி லலோண்ட் ஒருத்தரே. மூணாவதுல மறுபடி சியாட்டில் 7-2.

நாலாவது ஆட்டம்தான் ஆட்டம்! சியாட்டில் கோல்கீப்பர் ஹேப் ஹோம்ஸ், இந்தப் பக்கம் ஜார்ஜ் வெசினா, ரெண்டு பேரும் ஒண்ணையும் உள்ள விடல. முதல் பீரியட், அதாவது முதல் 20 நிமிஷம், முடியுற சமயத்துல சியாட்டிலோட கல்லி வில்சன் அடிச்சது உள்ள போச்சு, ஆனா அதுக்குள்ள விசில் அடிச்சாச்சு, கோல் செல்லாதுன்னுட்டாங்க. 60 நிமிஷம் ஆடி 0-0, கூடுதலா 20 நிமிஷம் ஆடி அப்பவும் 0-0. இன்னைக்கு ஒரு ப்ளேயர் ஒரு நிமிஷம்கூட தொடர்ந்து ஆட மாட்டார், உடனே ஆளை மாத்திடுவாங்க, அந்தக் காலத்துல மாத்த ஆளே ரொம்பக் கம்மி, ஆட்டம் முழுக்க கிட்டத்தட்ட அதே ஆளுங்கதான் ஐஸ்ல ஓடிக்கிட்டே இருக்கணும். அந்த உடம்புலதான் காய்ச்சல் ஏறிச்சு.

அஞ்சாவது ஆட்டத்துல சியாட்டில் 3-0 முன்னணியில இருந்து, மான்ட்ரியால் கடைசி பீரியட்ல 3 கோல் அடிச்சு சமன் பண்ணி, ஓவர்டைம்ல சியாட்டில் ப்ளேயர் ஒருத்தர் இனிமே நிக்கவே முடியாதுன்னு வெளிய போக, பதிலுக்கு இறங்க ஆள் இல்லாத அந்த நேரத்துல மான்ட்ரியாலோட ஜாக் மெக்டொனால்ட் கோல் அடிச்சு 4-3ன்னு முடிச்சார். இதே ஆட்டத்துலதான் மான்ட்ரியால் டிஃபென்ஸ் வீரர் ஜோ ஹால் உடம்பு முடியாம பாதியிலயே போயிட்டார். ஆளுக்கு ரெண்டு வெற்றி, ஒண்ணு டிரா. ஏப்ரல் 1ஆம் தேதி கடைசி ஆட்டம்.

அன்னைக்குக் காலையில மான்ட்ரியால் டீம்ல ஹால், லலோண்ட், மெக்டொனால்ட், கூட்டூர், பெர்லின்கெட் எல்லாரும் படுக்கையில. மேனேஜர் ஜார்ஜ் கென்னடிக்கும் காய்ச்சல். மேற்கு லீக்ல இருந்த விக்டோரியா டீம்லேர்ந்து ஆள் எடுத்து ஆடட்டுமான்னு கென்னடி கேட்டார், மேற்கு லீக் தலைவர் ஃப்ராங்க் பேட்ரிக் முடியாதுன்னுட்டார். சரி, நாங்க ஆட முடியாது, கப்பை நீங்களே வச்சுக்கோங்கன்னு சியாட்டில்கிட்ட சொன்னார் கென்னடி.

சியாட்டில் மேனேஜர் பீட் மல்டூன் வேண்டாம்னுட்டார். ரூல் அவர் பக்கம், யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டாங்க, எதிர் டீமே கொடுக்குது. இருந்தாலும் நோயில படுத்த ஆளுங்ககிட்டேர்ந்து கப்பை வாங்க அவருக்கு மனசு வரல. விளையாட்டுல பெருந்தன்மைன்னு நாம ரொம்ப சுலபமா சொல்லிடுறோம், ஆட்டம் முடிஞ்சு கை கொடுக்குறதுக்கே அதைச் சொல்றோம், ஆனா இவர் கைக்கு வந்த கப்பையே விட்டவர்.

ஏப்ரல் 5ஆம் தேதி சியாட்டில் ஆஸ்பத்திரியில நிமோனியாவுல ஜோ ஹால் இறந்துட்டார். வயசு 37. இங்கிலாந்துல பொறந்து கனடாவுல வளர்ந்தவர், 1912, 1913 ரெண்டு வருஷமும் க்யூபெக் டீம்ல கப் ஜெயிச்சவர். முரட்டு ஆட்டம், லீக்லயே அதிகமா பெனால்டி வாங்கினவர், 'பேட் ஜோ'ன்னே பேர் வச்சுட்டாங்க. அந்தப் பேரோடயே அவரை முடிச்சுடறது எனக்கு வருத்தமா இருக்கு, ஏன்னா உடம்பு கொதிக்கும்போது கூட ஐஸ்ல இறங்கின ஆள் அவர். கென்னடி பிழைச்சார், ஆனா பழைய உடம்பு திரும்பவே இல்ல, 1921ல அவரும் போயிட்டார், அவர் மனைவி டீமை 11,000 டாலருக்கு வித்தாங்க.

ரொம்ப வருஷம் கழிச்சு, 1948ல கப்பை மாத்தி அமைச்சப்போ, 1919க்கு ரெண்டு டீம் பேரையும் போட்டு, தொடர் முடியலன்னு பொறிச்சாங்க. கப் யாருக்கும் கிடைக்காத இன்னொரு வருஷம் 2005, அது சம்பளத் தகராறு. ரெண்டையும் ஒரே வரியில சேர்த்துப் பேசுறவங்க உண்டு, அது சரியே இல்லைங்க, ஒண்ணு பணத்துக்காக நின்னது, இன்னொண்ணுல உயிரே போச்சு.

மல்டூனுக்கு அப்புறம் ஸ்டான்லி கப் கிடைக்கவே இல்ல. 1920 ஃபைனலுக்கு சியாட்டில் மறுபடி வந்து ஒட்டாவாகிட்ட தோத்துச்சு. மல்டூன் 1926ல சிகாகோ டீமோட முதல் கோச் ஆனார், ஒரே சீசன், 1929ல இறந்தார். இன்னைக்கு ஹாக்கி ரசிகர்கள்கிட்ட அவர் பேரைச் சொன்னா 'மல்டூன் சாபம்'னுதான் சொல்வாங்க, வேலையை விட்டுத் தூக்கின கோபத்துல சிகாகோ என்னைக்கும் முதல் இடம் வராதுன்னு சபிச்சாராம். அது ஒரு பத்திரிகைக்காரர் கட்டிவிட்ட கதை, பின்னாடி அவரே ஒத்துக்கிட்டார். தான் விடவே இல்லாத சாபத்துக்குப் பேர் வாங்கின மனுஷனை, ஏப்ரல் 1ஆம் தேதி அவர் வேண்டாம்னு சொன்ன அந்தக் கப்புக்காக நினைச்சுக்கோங்கன்னுதான் உங்ககிட்ட கேக்க வந்தேன். நன்றி, வணக்கம்.