கடுகளவு பழுப்புப் புள்ளி

வணக்கம். நான் மெக்கானிக் இல்லை, பெயிண்டரும் இல்லை. பன்னிரண்டு வருஷமாக ஒரே வெள்ளைக் காரை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளை அதற்கே தாரை வார்த்தவன், அவ்வளவுதான். வீடு சென்னைப் பெரம்பூரில், ரயில் பாதையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கதையே அந்தத் தண்டவாளத்தில்தான் ஆரம்பிக்கிறது.

கார் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, பானெட்டில் கடுகைவிடச் சின்னதாகப் பழுப்புப் புள்ளிகள். ஷாம்பு போட்டுக் கழுவினேன், நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. புது வண்டி துருப்பிடிக்கிறதே என்று வயிற்றைக் கலக்கியது. ஒரு பட்டறையில் காட்டினால், "பெயிண்ட் போச்சு சார், பானெட்டை முழுசா அடிச்சிடலாம்" என்றார்கள். நல்ல வேளை, அப்போது கையில் காசு இல்லை.

துருப்பிடித்தது என் கார் இல்லை. ரயில் பிரேக் போடும்போது சக்கரமும் தண்டவாளமும் உரசிப் பறக்கிற இரும்புத் தூள் காற்றில் வந்து பெயிண்டில் ஒட்டிக்கொள்கிறது, அப்புறம் மழையோ பனியோ பட்டதும் அந்தத் தூள்தான் துருப்பிடிக்கிறது. ரயில் பக்கத்தில் இல்லாதவர்கள் சந்தோஷப்பட வேண்டாம், உங்கள் கார் பிரேக்கும் அதே தூளைத்தான் கக்குகிறது. கூடவே மரப்பிசின், ரோட்டுத் தார், பக்கத்து வீட்டு கேட்டுக்கு ஸ்ப்ரே அடித்தபோது பறந்து வந்த பெயிண்ட். இதெல்லாம் ஷாம்புக்கு அசையாது.

உங்கள் காரில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கேரிபேக் போதும். காரை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, கையைக் கேரிபேக்குக்குள் விட்டு, விரல் நுனியால் மெல்லத் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்கு வழவழவென்று இருந்த இடம் ரவையைத் தடவுகிற மாதிரி நறநறக்கும். நான் முதல்தடவை தடவியபோது ஏதோ வேறு ஆள் காரைத் தொட்டுவிட்டோமோ என்று தோன்றியது.

இதை எடுக்கத்தான் கிளே பார். பேர்தான் களிமண். உண்மையில் செயற்கைப் பிசினில் மிக நைஸான தேய்ப்புப் பொடியைக் கலந்து பிசைந்த கட்டி. ஜப்பானில் உருவாகி 1990களில் மற்ற நாடுகளுக்குப் பரவியது. ஒரு துண்டு கிள்ளி, சப்பாத்தி மாவு போலப் பிசைந்து உள்ளங்கை அளவுக்குத் தட்டிக்கொள்ளுங்கள். ஷாம்புத் தண்ணீரைத் தாராளமாகத் தெளியுங்கள், இதில் கஞ்சத்தனம் பார்த்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கதைதான். இரண்டடிக்கு இரண்டடி இடமாக எடுத்துக்கொண்டு, அழுத்தாமல், வட்டம் போடாமல், நேராக முன்னும் பின்னும் ஓட்டுங்கள். முதலில் சரசரவென்று கையைப் பிடிக்கும், கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கி வழுக்கிக்கொண்டு போகும், அந்த இடம் முடிந்தது. கட்டியைத் திருப்பிப் பாருங்கள், பழுப்பாக இருக்கும். மடித்துப் பிசைந்து சுத்தமான பக்கத்தை வெளியே கொண்டுவந்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள்.

கட்டி கீழே விழுந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள். நான் எறியவில்லை. காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று கழுவிவிட்டு மறுபடி தேய்த்தேன், அதில் ஒட்டியிருந்த ஒரே ஒரு மணல் டிரைவர் பக்கக் கதவில் போட்ட கோடு இன்றைக்கும் இருக்கிறது.

அதற்காக மாசாமாசம் கிளே தேய்க்கக் கிளம்பிவிடாதீர்கள். பெயிண்டுக்கு மேலே இருக்கிற கிளியர் கோட், அதாவது நிறமில்லாத காப்புப் பூச்சு, பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெலிசு, கிளேயில் இருக்கிற பொடி அதையும் தேய்க்கும். வருஷத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு தடவை. கீறல் போகுமா என்று கேட்பவர்களுக்கு, போகாது, அதற்குப் பாலிஷ் போட வேண்டும், அது வேறு சமாச்சாரம்.

கிளே தேய்த்தால் பெயிண்ட்மேல் பூசியிருந்த பழைய வாக்ஸும், அதாவது மெழுகும், சேர்ந்து போய்விடும், அதனால் அன்றைக்கே வாக்ஸ் போட்டாக வேண்டும். நல்ல வாக்ஸ் டப்பாவில் கார்னாபா என்று போட்டிருக்கும். அது வடகிழக்கு பிரேசிலில் வளர்கிற ஒரு பனை, நம் ஊர்ப் பனைக்குத் தூரத்துச் சொந்தம். அங்கே அடிக்கிற வெயிலில் இலைத் தண்ணீர் வற்றாமலிருக்க மரமே ஓலைமேல் மெழுகு பூசிக்கொள்கிறது, ஓலையைக் காயவைத்து அடித்தால் அது பொடியாக உதிரும். உருகவே 80 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். நம் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமாக யார் கண்டுபிடித்துக் கொடுப்பார்கள், சொல்லுங்கள்.

வாக்ஸ் போடுவதில் எல்லோரும் செய்கிற தப்பு, அப்புவது. தோசைக்கல்லில் வெங்காயத்தால் எண்ணெய் தடவுகிறோமே, அந்த அளவு போதும். கூடப் போட்டால் பளபளப்பு கூடாது, தோள்பட்டை வலிதான் கூடும். நிழலில், பானெட் தொட்டால் சூடில்லாதபோது போடுங்கள், நான் காலை ஆறு மணிக்கே முடித்துவிடுவேன். மங்கலாகக் காய்ந்ததும் விரலால் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள், அந்தக் கோடு பளிச்சென்று தெரிந்தால் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து எடுக்கலாம். என் காரில் இரண்டு மாசம் தாங்கினால் அதிகம், பாத்திரம் தேய்க்கிற லிக்விடால் கழுவினால் அதுவும் தாங்காது. தினமும் காலையில் காய்ந்த தூசியை வறட்டுத் துணியால் துடைத்துவிடுகிற புண்ணியவான்கள் அபார்ட்மென்ட்டுக்கு ஒருவர் இருப்பார்கள், அவரிடம் தண்ணீர் ஊற்றாமல் தொடாதீர்கள் என்று தன்மையாகச் சொல்லிவிடுங்கள். எனக்கு மூன்று வருஷம் ஆனது சொல்ல.

இன்னொன்று, பம்பரிலும் கண்ணாடி ஓரத்திலும் இருக்கிற கறுப்புப் பிளாஸ்டிக்கில் வாக்ஸ் பட்டால் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் பிடித்துவிடும், துணியால் எவ்வளவு துடைத்தாலும் போகாது. வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் பென்சில் ரப்பரைக் கடன் வாங்கித் தேய்த்துப் பாருங்கள், வந்துவிடும்.