ஜிக்ஜாக் ஸ்வெட்டருக்குப் பின்னாடி ஒரு பாட்டி: ரோசிட்டா மிஸ்ஸோனி

[திரையில்: பல கலர் ஜிக்ஜாக் துணி, ரொம்பக் கிட்டத்துல]

வணக்கம் மக்களே. மிஸ்ஸோனிங்கிற ஃபேஷன் கம்பெனி பேரு ஞாபகம் இல்லேன்னாலும் இந்த டிசைன எங்கயாவது பாத்திருப்பீங்க, ஆரஞ்சு, ஊதா, பச்சைன்னு மேலயும் கீழயும் ஏறி இறங்கிப் போற கோடு, இதோட காப்பி எந்த ஊரு கடைக்குப் போனாலும் கிடைக்கும். இதப் பிரபலமாக்குனது இத்தாலில ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்துக்கே பெரியவங்களா இருந்த ரோசிட்டா 2025 ஜனவரில, 93 வயசுல காலமானாங்க.

பொதுவா இந்தக் கதைய அவங்க வீட்டுக்காரர் ஒட்டாவியோகிட்ட இருந்துதான் ஆரம்பிப்பாங்க. ஆளு ஒலிம்பிக் ஓட்டக்காரர், போர்க்கைதியா எகிப்துல கிடந்தவர், சொல்றதுக்கு சுவாரசியமாத்தான் இருக்கும். நாம ரோசிட்டாகிட்ட இருந்து போவோம்.

[திரையில்: வட இத்தாலி மேப், வரேசே பக்கம்]

1931-ல லொம்பார்தில கோலாசெக்கான்னு ஒரு சின்ன ஊர்ல பொறந்தாங்க. குடும்பத் தொழில் சால்வையும் எம்பிராய்டரி துணியும், அதாவது நூலு, ஊசி, மெஷின் சத்தத்துக்கு நடுவுலயே வளந்த பொண்ணு. 1948-ல இங்கிலீஷ் படிக்க லண்டன் போனாங்க, 16 வயசு. அப்போ அங்க ஒலிம்பிக் நடக்குது, ஒட்டாவியோ 400 மீட்டர் தடை ஓட்டத்துல ஃபைனல் வரைக்கும் வந்து ஆறாவதா முடிச்சாரு. இத்தாலி டீம் போட்டிருந்த டிராக் சூட்டே அவரு கம்பெனி பண்ணதுதான், அதனால அவருக்கும் பின்னல் தொழில் புதுசில்ல. ரெண்டு பேரும் சந்திச்சது அந்த லண்டன்லதான். பத்து வயசு வித்தியாசம், ஆனாலும் 1953-ல கல்யாணம். கல்லராத்தேங்கிற ஊர்ல வீட்டுக்குக் கீழயே நாலஞ்சு மெஷின போட்டு ஆரம்பிச்சாங்க. அடுத்தடுத்து வித்தோரியோ, லூக்கா, ஆஞ்சலான்னு மூணு குழந்தைங்க.

சரி, ஜிக்ஜாக் எப்படி வந்துச்சு? இங்க கொஞ்சம் நிதானமா பாப்போம்.

[திரையில்: அனிமேஷன், ஒரே நூல் குறுக்க போறது, அப்புறம் பல நூல் மேல ஏறுறது]

அவங்ககிட்ட ஆரம்பத்துல இருந்த மெஷின்ல பிளெயின் வரும், இல்லன்னா கோடு வரும், அவ்ளோதான். சாதாரண பின்னல்ல நூலு குறுக்க போகுது, ஒரு ஊசில இருந்து பக்கத்து ஊசிக்கு, வரிசை வரிசையா, அதனால கலர மாத்துனா குறுக்குக் கோடுதான் கிடைக்கும். ராஷல்னு இன்னொரு வகை பின்னல் மெஷின் இருக்கு, அது அப்படி இல்ல. அதுல நூறு நூறா நூலு நெடுக்க வரும், பொண்ணுக்கு ஜடை பின்னும்போது ஒவ்வொரு பிரி முடியையும் தனித்தனியா பிடிச்சுக்கிற மாதிரி அந்த மெஷின் ஒவ்வொரு நூலையும் தனியா பிடிச்சுக்கும், பிடிச்சபடியே இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம்னு நகத்திக்கிட்டே மேல பின்னும். நகர்ற நூலுக்கு ஒரு கலர் குடுத்தா என்ன ஆகும்? ஜிக்ஜாக்! இந்த மெஷின்ல அதுவரைக்கும் சால்வைதான் போட்டுக்கிட்டு இருந்தாங்க. 1960-கள் ஆரம்பத்துல மிஸ்ஸோனில இத வச்சு டிரெஸ் துணி பண்ணாங்க, சால்வைக்கார வீட்டுப் பொண்ணு இல்லாம இந்த யோசனை வந்திருக்குமாங்கிறது எனக்கு சந்தேகம்தான்.

ஒட்டாவியோ கட்டம் போட்ட பேப்பர்ல கலர் கலரா வரைவாரு. அத உடம்புல நிக்கிற டிரெஸ்ஸா மாத்துறது, எங்க வெட்டணும், தோள்ல எப்படி விழணும்ங்கிறதெல்லாம் ரோசிட்டா கை.

1967-ல ஃப்ளோரன்ஸ் பித்தி அரண்மனைல ஷோ. மெல்லிசான பின்னலுக்குள்ள மாடல்ஸ் போட்டிருந்த பிரா அசிங்கமா தெரியுதுன்னு ரோசிட்டா அத கழட்டச் சொல்லிட்டாங்க. மேடை லைட் அடிச்சதும் துணி கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு, ஒரே களேபரம், அடுத்த வருஷம் கூப்பிடவே இல்ல. அடுத்த வருஷமே பாரிஸ்ல பெரிய டிசைனர் ஒருத்தர் உள்ள தெரியிற துணில டிரெஸ் காட்டுனாரு, அவருக்கு மட்டும் கைதட்டு! இவங்க ஃப்ளோரன்ஸ விட்டுட்டு மிலானுக்குப் போனாங்க, அது மிலானுக்குத்தான் லாபம்.

[திரையில்: சுமிராகோ, தூரத்துல பனி மூடின மோன்தே ரோசா]

1969-ல சுமிராகோங்கிற ஊர்ல ஃபேக்டரி கட்டுனாங்க, ஜன்னலத் தொறந்தா மோன்தே ரோசா மலை, வீடும் பக்கத்துலயே. பசங்க மூணு பேரும் கம்பெனிக்குள்ளயே வந்தாங்க, அப்புறம் பேரப்பிள்ளைங்களும். ரோசிட்டா காட்டுக்குப் போய் காளான் பறிப்பாங்க, பழைய சாமான் சந்தைல எதையாவது பொறுக்கிட்டு வருவாங்க.

1997-ல டிசைன் பொறுப்ப மக ஆஞ்சலாகிட்ட குடுத்தாங்க. அப்பவே வயசு 60-ஐத் தாண்டியாச்சு, சரி ரெஸ்ட் எடுப்பாங்கன்னு பாத்தா வீட்டுச் சாமான் பண்ற மிஸ்ஸோனி ஹோம எடுத்துக்கிட்டாங்க, மெத்தை, குஷன், டவல், கார்ப்பெட்னு அதே கலர வீட்டுக்குள்ள கொண்டுவந்து விட்டாங்க.

2013 ஜனவரில மூத்த மகன் வித்தோரியோ போன சின்ன விமானம் வெனிசுவேலா கடல் பக்கம் காணாம போச்சு. மாசக்கணக்கா தேடிக்கிட்டே இருந்தாங்க, அதுக்குள்ள மே மாசம் ஒட்டாவியோவும் போயிட்டாரு, மகனுக்கு என்ன ஆச்சுன்னு உறுதியா தெரியாமலே. அப்போ ரோசிட்டாவுக்கு 81 வயசு. அதுக்கப்புறமும் அவங்க ஹோம் வேலைய விடல.