வேல்ஸில் ஒரு பெயர், வாசலில் ஒரு நோட்டு

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

அவைத் தலைவர் அவர்களே, பள்ளி நாளிலிருந்து எனக்கு அண்ணனாக இருக்கும் நூலகர் அவர்களே, இத்தனை வேலைக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வட்டாட்சியர் அம்மா அவர்களே, ஓய்வுபெற்ற தலைமையாசிரியப் பெருமக்களே, மைக் செட்டுக்கு வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்ட பந்தல் கடை அண்ணாச்சி அவர்களே, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். பெயரைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்.’ எந்த மேடை ஏறினாலும் இதைத்தான் சொல்கிறான் என்று என்னைக் கேலி செய்பவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். இருக்கட்டும். இன்று அதை இங்கிலாந்தை ஒட்டியிருக்கும் வேல்ஸ் நாடு வரைக்கும் கொண்டுபோகிறேன். அங்கே பெண்களுக்கு வைக்கும் பழைய பெயர் க்வென்லியன். அதன் பொருள், உச்சரிப்பு, இப்போது அதை யார் வைக்கிறார்கள், வேல்ஸ் ஆண் பெயர்கள் என்று நான்கையும் பார்த்துவிடுவோம்.

பொருள் சுலபம். ‘க்வென்’ என்றால் வெண்மை, அழகு, புனிதம். பின்பாதியை ‘லியைன்’ என்ற சொல்லோடு சேர்ப்பார்கள். அது லினன் துணி. உச்சரிப்பில்தான் சங்கதி இருக்கிறது. நாம் ‘லி’ என்று எழுதுகிறோமே, அங்கே அது வேறு ஒலி. ‘ல்’ சொல்லப் போவதுபோல் நாக்கை மேலே ஒட்டுங்கள். குரல் எழுப்பாதீர்கள். நாக்கின் ஓரமாகக் காற்றை மட்டும் விடுங்கள். சிரிக்காதே தம்பி, செய்து பார்! அழுத்தம் நடு அசையில் விழ வேண்டும். வட்டாட்சியர் அம்மாவுக்கு இரண்டாவது முறையே வந்துவிட்டது, கவனித்தீர்களா? நான் வீட்டில் பழகியபோது, “சூடான காபியை வாயில் ஊற்றிக்கொண்டீர்களா?” என்று என் மனைவி கேட்டார். நாப்பழக்கம்!

இப்போது ஒரு கதை. 1282 ஜூன். வேல்ஸ் இளவரசர் லுவெலின் வீட்டில் ஒரு பெண் குழந்தை, பெயர் க்வென்லியன். பெற்றதுமே தாய் எலினோர் இறந்துபோனார். அந்த டிசம்பர் 11ஆம் தேதி கில்மெரி அருகே தகப்பனும் கொல்லப்பட்டார். ஆறு மாதக் குழந்தை, அதுவும் ஒரே வாரிசு. இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்ட் விடுவாரா? அவர் யார் தெரியுமா? எலினோர் அவருக்குச் சொந்த அத்தை மகள்! நம்மூரில் அத்தை மகளுடைய பிள்ளை என்றால் காதுகுத்துக்குச் சீர் கொண்டு போவோம். அவர் என்ன செய்தார்? அந்தப் பச்சைக் குழந்தையைத் தூக்கி, லிங்கன்ஷயரில் செம்பிரிங்ஹாம் என்ற மடத்தில் கொண்டுபோய் அடைத்தார். கல்யாணம் ஆனால் பிள்ளை பிறக்கும், பிள்ளை பிறந்தால் நாடு கேட்கும், அந்தக் கணக்கு. 1337இல், 54 வயதில், அங்கேயே இறந்தாள். தாய்மொழி பேசக் காதருகே யார் இருந்திருப்பார்கள்? ஆங்கிலேயர் ஏடுகளில் அவள் பெயர் வென்சிலியன், வென்ட்லியான் என்று கண்டபடி கிடக்கிறது. முன்னால் இருந்த ‘க்’கும் போச்சு, அந்தக் காற்றும் போச்சு. 2009இல்தான் ஸ்னோடோனியாவில் 926 மீட்டர் சிகரம் ஒன்றுக்குக் கார்னெத் க்வென்லியன் என்று அவள் பெயரை வைத்தார்கள். கைதட்டலாம்.

அவளுடைய முழுப் பெயர் க்வென்லியன் வெர்ஹ் லுவெலின். லுவெலின் மகள் என்று பொருள். மகன் என்றால் ‘ஆப்’. குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான், நம்மைப் போலவே. பதினாறாம் நூற்றாண்டில் வேல்ஸை இங்கிலாந்தின் சட்டத்துக்குள் கொண்டுவந்த பிறகு இந்த வழக்கம் தேய்ந்தது. ஆப் ஹுவெல் பவல் ஆனார், ஆப் ரீஸ் பிரைஸ் ஆனார், ஆப் ஓவைன் போவன் ஆனார். அப்பா பெயர் உள்ளே மாட்டிக்கொண்டது, வெளியே தெரியவில்லை. இப்போது சிலர் பிடிவாதமாக ‘ஆப்’, ‘வெர்ஹ்’ என்று மறுபடி எழுதுகிறார்கள். எனக்கு அவர்களை ரொம்பப் பிடிக்கும்.

சரி, நம் கதைக்கு வருகிறேன். முத்துவின் மகள் செல்வி ‘எம். செல்வி’ என்று எழுதுகிறாள். எம் யார்? முத்துவா, மாரியப்பனா, மொய்தீனா? மு. செல்வி என்று எழுதினால் பாதி அப்பாவாவது தெரிவார். எந்த எட்வர்டும் நம்மை மடத்தில் அடைக்கவில்லையே! யார் தடுத்தார்கள்? கைப்பழக்கம் ஐயா, கைப்பழக்கம்! பெயர் தமிழில், இனிஷியல் ஆங்கிலத்தில் என்ற வழக்கத்தைப் பள்ளிப் பதிவேட்டிலேயே மாற்றலாம். ஆசிரியர்கள் மனது வைத்தால் ஒரு வருகைப் பதிவேடு போதும். தலைமையாசிரியர்கள் தலையாட்டுகிறார்கள், நன்றி.

துண்டுச்சீட்டு வந்துவிட்டது. இப்போது அந்தப் பெயரை யார் வைக்கிறார்கள், ஆண் பெயர்கள் என்ற மற்ற இரண்டையும் அடுத்த கூட்டத்தில் பேச அனுமதி கொடுங்கள் தலைவர் அவர்களே. வாசலில் மேசைமேல் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். இனிஷியலைத் தமிழில் போட்டுக் கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள். பேனா இரண்டு இருக்கிறது. போன கூட்டத்தில் ஒன்று காணாமல் போய்விட்டது.